800 வெள்ளி சம்பளம்னா கையில எவ்வளவு நிக்கும்?

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நான் கம்பி கட்டுற வேலை பாக்குறேன், வயசு 26. ஊர்ல நாள் சம்பளம் 1000 ரூபா, மாசம் 24 நாள் வேலை இருந்தா பெரிய விஷயம். சிங்கப்பூர் போக டெஸ்ட் அடிச்சு பாஸ் பண்ணிட்டேன். ஏஜென்ட் ஒரு நாளைக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பேசிக், ஓடி (ஓவர்டைம்) எல்லாம் சேத்து மாசம் 800 வெள்ளி வரும்னு சொல்றாரு, மொத்த செலவு 3 லட்சம் கேக்குறாரு. 800 வெள்ளின்னா 52,000 ரூபா, இங்க வாங்குறதுல ரெண்டு மடங்குக்கு மேல. போகலாமா அண்ணே? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: தம்பி, போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், உங்க பக்கத்து கிராமங்கள்ல அந்த காசுல கட்டுன வீடு எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஒரு வெள்ளி 65 ரூபான்னு வச்சு 800ஐ பெருக்கி அதோட நிறுத்திட்டீங்க பாருங்க, அங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. மாச சம்பளத்தை மாச சம்பளத்தோட வச்சுப் பாக்காதீங்க, மணிக்கணக்கு போட்டுப் பாருங்க.

20 வெள்ளி பேசிக்னா 26 நாளைக்கு 520 வெள்ளி. அங்க சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை, அதுக்கு மேல ஓடி, ஓடிக்கு ஒன்றரை மடங்கு. மாச பேசிக்கை 12ஆல பெருக்கி, 52 வாரம், 44 மணி நேரத்தால வகுத்தா வர்றதுதான் ஒரு மணி நேர ரேட்டு, இது அந்த ஊர் அரசாங்கமே சொல்ற கணக்கு. உங்களுக்கு 2 வெள்ளி 73 காசு வருது, ஓடின்னா 4 வெள்ளி 9 காசு. மாசத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடி பாக்கலாம்னு பொதுவான உச்சவரம்பு இருக்கு, அதை முழுசா பாத்தா 294 வெள்ளி, ஆக மொத்தம் 814. ஏஜென்ட் சொன்ன 800 இதுதான். அதாவது ஓடியை கடைசி மணி நேரம் வரைக்கும் பாத்தா வர்ற சம்பளத்தை அவரு சாதாரண சம்பளம் மாதிரி சொல்லிருக்காரு.

அந்த 814க்கு சாதாரண வேலையும் ஓடியும் சேத்து நீங்க உழைக்குற நேரம் மாசம் 263 மணி. வகுத்தா மணிக்கு 3 வெள்ளி 10 காசு, நம்ம காசுல 200 ரூபா. ஊர்ல 8 மணி நேரத்துக்கு 1000னா மணிக்கு 125. ரெண்டு மடங்குக்கு மேலன்னு நினைச்சது ஒன்னரை மடங்கு சொச்சமா ஆயிடுச்சு. இன்னொன்னும் சொல்றேன், இது எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலான விஷயம். நம்ம நாட்டு தொழிலாளர் சட்டம் ஓடிக்கு டபுள் சம்பளம் தரணும்னு சொல்லுது, சிங்கப்பூரை விட அதிகம். மாசம் 26 நாள் வேலையும் கிடைச்சு, அதே 263 மணி நேரம் இங்க உழைச்சு, 208 மணிக்கு மேல போனதுக்கு டபுள் வாங்குனா உங்களுக்கு கிட்டத்தட்ட 40,000 ரூபா வரணும். எந்த சைட்டுல தர்றாங்க? ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுத்து காங்கிரீட் முடியுற வரைக்கும் நிக்க வைக்குறாங்க. சட்டத்துல இருக்குறது கைக்கு வராததாலதான் நம்ம பசங்க கடன் வாங்கிட்டு கப்பலேறுறாங்கன்னு நான் உறுதியா நம்புறேன்.

இனிமே செலவு. தங்குற இடம் முதலாளி பொறுப்பு, வாடகைன்னு பிடிக்கிறதா இருந்தா ஐபிஏ பேப்பர்லயே (போறதுக்கு முன்னாடி சிங்கப்பூர் அரசாங்கம் தர்ற வேலை அனுமதிக் கடிதம்) போட்டிருக்கணும். மூணு வேளை கேட்டரிங் 150 வெள்ளி, போன், சோப்பு, ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போய் வர்றதுன்னு இன்னொரு 100 போடுங்க. மிச்சம் 564 வெள்ளி, 36,660 ரூபா. ஊர்ல 24,000ல உங்க சாப்பாடு, பெட்ரோல், கைச்செலவு 6,500 போக 17,500 நிக்கும்னு வைங்க. அப்போ சிங்கப்பூர் போறதால கூடுதலா கிடைக்குறது மாசம் 19,000 ரூபா சொச்சம், 52,000 இல்ல. 3 லட்சத்தை நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கிட்டு இந்த 19,000த்தையும் அப்படியே கடனுக்கு கட்டுனா அடைய 19 மாசம் ஆகும். அங்க வேலை பாக்க குடுக்குற பெர்மிட் பெரும்பாலும் ரெண்டு வருஷம். முத பெர்மிட்டு கிட்டத்தட்ட முழுசா ஏஜென்ட்டுக்கும் வட்டிக்காரருக்கும் போயிடுது தம்பி.

அதனால பேரம் பேச வேண்டியது சம்பளத்துல மட்டும் இல்ல, அந்த 3 லட்சத்துலயும்தான். சிங்கப்பூர்ல இருக்குற ஏஜென்சி ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாச சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல தொழிலாளிகிட்ட வாங்கக்கூடாது, நம்ம நாட்டுல பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூபாவும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கான்னு நம்ம அரசாங்கத்தோட இ-மைக்ரேட் தளத்துல பாருங்க. லெவி கட்டணும்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, அது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்குறதுக்கு முதலாளி அந்த ஊர் அரசாங்கத்துக்கு கட்ட வேண்டியது, தொழிலாளி தலையில வைக்கிறது அங்க குற்றம்.

கணக்குல வராத நேரமும் இருக்கு. விடியக்காலை எழுந்து டார்ம் (தொழிலாளர் விடுதி) வாசல்ல லாரிக்கு நிக்கணும், பின்னாடி உக்காந்து சைட்டுக்குப் போகணும், ராத்திரி அதே மாதிரி திரும்பணும், இதுக்கெல்லாம் சம்பளம் கிடையாது. மத்தியான சாப்பாட்டு பொட்டலம் காலையிலேயே கைக்கு வந்துடும், ராத்திரியோட ராத்திரியா சமைச்சது, அதை 12 மணி வெயில்ல பிரிக்கும்போது சோறு நீர் விட்டிருக்கும், குழம்பு சில நாள் புளிச்சிருக்கும். 150 வெள்ளி சாப்பாடுன்னு நான் மேல ஒரு வரியில எழுதிட்டேன், ரெண்டு வருஷம் அதைத்தான் சாப்பிடணும், அதையும் யோசிச்சு முடிவெடுங்க.

கேள்வி: வாங்கும் சக்தின்னு ஒரு கணக்கு இருக்காமே. நெட்ல பாத்த என் அக்கா பையன், ஒரு வெள்ளிக்கு பேங்க்ல 65 ரூபான்னு வச்சாலும் நிஜ மதிப்பு 25 ரூபாதான், 800 வெள்ளி நம்ம ஊர் 20,000த்துக்கு சமம்னு சொல்றான். அப்போ அங்க போறதே நஷ்டமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: பையன் தப்பா சொல்லல சார், உலக வங்கி போடுற கணக்குப்படி தோராயமா அந்த மாதிரிதான் வரும். ஆனா அது அந்த ஊர்லயே சம்பாதிச்சு அந்த ஊர்லயே குடும்பத்தோட செலவு பண்றவங்களுக்கு. நம்ம ஆளு அங்க செலவு பண்றது 250 வெள்ளி, அதுக்கு மட்டும் 25 ரூபா கணக்கு போடுங்க, 6,250 ரூபா வாழ்க்கை அங்க வாழ்றாரு, ஊர்ல கைச்செலவுக்கு ஆகுறதை விட கொஞ்சம் கம்மி. மீதி 564 வெள்ளி ஊருக்கு வருது, அது பேங்க் ரேட்லதான் மாறுது, இங்க அரிசி வாங்குது, செங்கல் வாங்குது, அதுக்கு 65தான் சரி.

வித்தியாசம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஒரு டீயை வச்சு பாருங்க. ஊர்ல 15 ரூபா டீக்கு நம்ம கம்பி கட்டுற தம்பி ஏழு நிமிஷம் வேலை பாத்தா போதும். அங்க காப்பிக்கடையில ஒன்றரை வெள்ளி, அவர் சம்பளத்துக்கு அது அரை மணி நேர வேலை. தேக்காவுல 8 வெள்ளிக்கு ஒரு பிரியாணி சாப்பிட்டா ரெண்டரை மணி நேர உழைப்பு. அதான் ஞாயித்துக்கிழமை அத்தனை பேரு புல்வெளியில சும்மா உக்காந்து பேசிட்டு இருக்காங்க, அது ஒன்னுதான் காசில்லாம கிடைக்குது.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்கார், ரெண்டு வருஷமாச்சு. ஒரு மாசம் 35,000 அனுப்புறார், அடுத்த மாசம் 17,000தான் வருது. ஓடி இல்லைங்கிறார். மாமியாரு அங்க ஏதோ செலவு பண்றான்னு சந்தேகப்படுறாங்க. உண்மையிலேயே இவ்வளவு வித்தியாசம் வருமா? (வாசகி, திருவாடானை)

பதில்: வரும் தங்கச்சி, சந்தேகமே வேண்டாம். முத பதில்ல போட்ட கணக்குல ஓடியை எடுத்துட்டு பாருங்க. 520 வெள்ளி பேசிக், 250 செலவு போக 270, நம்ம காசுல 17,550. ஓடி இல்லாத மாசம் ஊர்ல இருந்து சம்பாதிச்சா நிக்குற அதே காசுதான் அங்கயும் நிக்குது. இதை மாமியாருக்கு உக்கார வச்சு சொல்லுங்க, அவரு சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக மிச்சத்தை அப்படியே அனுப்புறாரு.

ஆனா வேலை இல்லைன்னு பேசிக்லயே கை வச்சா அது வேற விஷயம். ஐபிஏல எழுதுன மாச சம்பளத்தை வேலை இருந்தாலும் இல்லாட்டியும் கம்பெனி குடுத்தாகணும். பேசிக் எவ்வளவு, ஓடி எத்தனை மணி நேரம், என்னென்ன பிடித்தம்னு தனித்தனியா போட்ட பேஸ்லிப் 2016 ஏப்ரல்ல இருந்து அங்க கட்டாயம், மாசா மாசம் அதை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப சொல்லுங்க. எந்த நாள் எத்தனை மணி நேரம் பாத்தாருன்னு ஒரு சின்ன நோட்டுல எழுதி வைக்க சொல்லுங்க. குறைச்சு குடுத்திருந்தா மனிதவள அமைச்சு மூலமா கேக்கலாம், வேலையில இருக்கும்போதுன்னா ஒரு வருஷத்துக்குள்ள, வேலையை விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள. ஊருக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா பெரும்பாலும் கிடைக்காது.

ரெண்டு வருஷம் ஆச்சுன்னு எழுதிருக்கீங்க, அப்போ பெர்மிட் முடியுற நேரம். கட்டட வேலையில இருக்குறவங்க பெர்மிட் முடியுறப்போ பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறலாம். அவரு ஹையர் ஸ்கில் (கூடுதல் திறன் உள்ளவர்னு அங்க வகைப்படுத்துறது) ஆகிட்டாரான்னும் கேளுங்க, ஏன்னா சாதாரண ஆளுக்கு கம்பெனி மாசம் 900 வெள்ளி லெவி கட்டுது, ஹையர் ஸ்கில்னா 500தான், 2024ல இருந்து இதுதான் ரேட்டு. அவரை வச்சு முதலாளிக்கு மாசம் 400 வெள்ளி மிச்சமாகுதுன்னா அதுல ஒரு பங்கை பேசிக்ல கேக்க அவருக்கு உரிமை இருக்கு. ஓடியில இல்ல, பேசிக்ல கேக்க சொல்லுங்க, ஓடி ரேட்டும் அதோட சேந்து ஏறும்.