இழையும் பிசினும் சேரும் இடம்: மேற்பூச்சுகள் பற்றிக் கேள்வி பதில்

கலப்புப் பொருள்களில் (பிசினுக்குள் இழைகளைப் பதித்துச் செய்யும் பொருள்கள்) இழைக்கும் பிசினான பாலிமருக்கும் இடையிலான பிணைப்பை மேற்பூச்சுகளால் எப்படி வலுப்படுத்துவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கிக்கொண்டு பதில் தருகிறேன்.

கேள்வி: எபாக்சிப் பிசினே நல்ல பசைதானே? கண்ணாடி இழைக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு பூச்சு எதற்கு?

உலர்ந்த மாதிரியை மட்டும் சோதித்தால் உங்கள் ஐயம் நியாயமாகவே தோன்றும். சிக்கல் ஈரத்தில் தொடங்குகிறது. கண்ணாடியின் மேற்பரப்பு தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. பூச்சு இல்லாவிட்டால் பிசின் அதனுடன் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான் ஒட்டியிருக்கும். பிசினுக்குள் மெல்ல ஊடுருவும் நீர் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு பிசினை விலக்கிவிடும்.

இழையையும் பிசினையும் கோக்கும் சிலிக்கன் சேர்மமான சிலேன் இணைப்பான் இங்கேதான் உதவுகிறது. அதன் ஒரு முனை நீரில் சிலனாலாக (சிலிக்கனோடு ஹைட்ராக்சில் சேர்ந்த தொகுதி) மாறி, உலரும்போது கண்ணாடியோடு சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பிணைப்பை உண்டாக்குகிறது. மறுமுனையிலுள்ள அமீன் போன்ற தொகுதி, பிசின் இறுகும்போது அதன் வலைப்பின்னலில் ஓர் உறுப்பாகிவிடுகிறது. இந்தப் பிணைப்பையும் நீர் அறுக்கத்தான் செய்யும். ஆனால் அறுந்தது மீண்டும் கூடக்கூடியது. அது கூடும்வரை பக்கத்துப் பிணைப்புகள் சுமையைத் தாங்குகின்றன.

கேள்வி: சிலேனை அதிகம் சேர்த்துப் பார்த்தேன். பிணைப்பு பலவீனமாகிவிட்டது. ஏன்?

கண்ணாடியோடு வேதிப் பிணைப்பில் இருப்பது அடியிலுள்ள மெல்லிய படலம் மட்டுமே. அதற்கு மேல் படிவது தமக்குள் மட்டும் கோத்துக்கொண்ட, எளிதில் கழுவிப்போகும் அடுக்கு. தடித்த பூச்சில் விரிசல் அந்த அடுக்கின் வழியே ஓடும். நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரையான கரைசல் பெரும்பாலும் போதும். அமினோசிலேன் தானாகவே நீரில் வினைபுரியும். மற்ற பல சிலேன்களுக்கு அசிட்டிக் அமிலம் சேர்த்துக் கரைசலின் பிஎச் அளவை 4–5 ஆக்க வேண்டும். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். நேரமாக ஆக மூலக்கூறுகள் கரைசலுக்குள்ளேயே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, இழைக்கு எதுவும் மிஞ்சாது. தோய்த்த பிறகு 110 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்துவதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடி இழைத் துணியில் ஏற்கெனவே இருக்கும் ஆலைப் பூச்சை உலையில் எரித்துவிட்டு, என் சிலேனைப் பூசலாமா?

வேண்டாம். 450–500 டிகிரியில் சூடாக்கினால் பூச்சு போகும். கூடவே கண்ணாடி இழையின் வலிமையில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். எந்தச் சிலேனாலும் அந்த இழப்பை முழுதாக மீட்க முடியாது. பிசினுக்குப் பொருந்தும் பூச்சோடு வரும் துணியையே கேட்டு வாங்குங்கள்: எபாக்சிக்கு அமினோ அல்லது கிளைசிடாக்சி சிலேன், பாலியெஸ்டருக்கும் வினைல் எஸ்டருக்கும் மெத்தக்ரிலாக்சி சிலேன்.

கேள்வி: கண்ணாடி இழை சேர்த்த பாலிப்ரோப்பிலீனை இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பயன்படுத்துகிறேன். இழையைக் கூட்டினாலும் வலிமை கூடவில்லை.

பொருளறிவியலாளர்கள் கெல்லியும் டைசனும் 1965இல் தந்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். இழையின் வலிமையை அதன் விட்டத்தால் பெருக்கி, இடைமுகச் சறுக்கு வலிமையின் (இழையும் பிசினும் தொடும் பரப்பு சறுக்காமல் தாங்கும் அளவு) இரு மடங்கால் வகுத்தால் மாறுநிலை நீளம் கிடைக்கும். வலிமை 2000 மெகாபாஸ்கல், விட்டம் 15 மைக்ரான், இடைமுகம் 20 மெகாபாஸ்கல் என்று கொண்டால் அந்த நீளம் 750 மைக்ரான். அதைவிடக் குட்டையான இழை உடையாது, உருவிக்கொண்டு வந்துவிடும்; அதன் முழு வலிமை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. மோல்டிங் இயந்திரத்தின் திருகில் அரைபட்ட இழைகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். இடைமுகத்தை 40 மெகாபாஸ்கலாக உயர்த்தினால் தேவையான நீளம் 375 மைக்ரானாகக் குறைகிறது. இழையைக் கூட்டாமலேயே பலன் கிடைக்கிறது!

பாலிப்ரோப்பிலீனில் வினைபுரியத் தொகுதி எதுவும் இல்லை என்பதால் சிலேன் மட்டும் போதாது. மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிப்ரோப்பிலீனைச் சிறிதளவு கலக்க வேண்டும். அதன் அன்ஹைட்ரைடு இழைமேல் உள்ள சிலேனின் அமீனைப் பற்றிக்கொள்ளும். அதன் நீண்ட சங்கிலி உருகிய பாலிப்ரோப்பிலீனோடு பின்னிக்கொள்ளும்.

கேள்வி: கார்பன் இழையைப் பீக் (PEEK) என்னும் வெப்பம் தாங்கும் பாலிமரோடு சேர்க்கும்போது ஒட்டுதல் சரியில்லை.

இழையில் வழக்கமான எபாக்சிப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீக் 343 டிகிரியில்தான் உருகுகிறது. பதப்படுத்துவது 380 டிகிரிக்கு மேல். எபாக்சி அந்தச் சூட்டில் சிதைந்து வாயுவாகி, இடைமுகத்திலேயே நுண்துளைகளை விட்டுச்செல்லும். பாலிஇமைடு போன்ற வெப்பம் தாங்கும் பூச்சுள்ள இழை வேண்டும்.

கேள்வி: பாலிஎத்திலீன் இழைக்கு எது பொருந்தும்?

பிளாஸ்மா அல்லது கொரோனா எனும் மின்னிறக்க முறை. அதில் மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் உண்டாகின்றன. விளைவு நாளாக நாளாக மங்கும், ஆகவே உடனே பிசினில் தோய்த்துவிடுங்கள். இழை 150 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால் பிசினை இறுக்கும் வெப்பத்திலும் கவனம் தேவை.

கேள்வி: பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லதுதானே?

இந்த எண்ணத்தை நான் கடுமையாகவே மறுக்கிறேன். இடைமுகம் மிக வலுவாக இருந்தால் ஓர் இழையில் தோன்றிய விரிசல் பக்கத்து இழைக்கு நேராகப் பாய்ந்து, பொருள் மொத்தமும் கண்ணாடித் தகடு போல நொறுங்கும். இடைமுகம் சற்றே பிரிந்து கொடுத்தால் விரிசல் திசைமாறுகிறது. இழை உருவப்படும்போது ஏற்படும் உராய்வு ஆற்றலை விழுங்குகிறது. குண்டு துளைக்காத கவசங்களில் பிணைப்பை வேண்டுமென்றே குறைவாக வைப்பது இதனால்தான். மோதலைத் தாங்க வேண்டிய பகுதியா, வளைவையும் சோர்வையும் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் நேரும் தளர்ச்சி) தாங்க வேண்டிய பகுதியா என்று தீர்மானித்த பிறகே பூச்சைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பிணைப்பு மேம்பட்டதா என்று எளிதாகச் சோதிப்பது எப்படி?

ஒற்றை இழையில் சிறு பிசின் துளியை உறையவைத்து உருவிப் பார்க்கும் சோதனை நுட்பமானது. ஆனால் அளவீடுகள் பெரிதும் சிதறும். அடுக்குத் தகடு செய்பவர்களுக்கு, சிறிய தூலத்தை வளைத்து அடுக்கிடைச் சறுக்கு வலிமையை (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் தாங்கும் அளவு) அளக்கும் முறை போதும். மாதிரிகளில் பாதியைச் சுடுநீரில் ஊறவைத்தும் சோதியுங்கள். பிறகு உடைந்த பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள். இழைகளில் பிசின் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் பிசின்தான் உடைந்திருக்கிறது, இடைமுகம் தாங்கியிருக்கிறது. உலர்ந்த மாதிரியிலேயே இழைகள் வழவழப்பாகத் தெரிந்தால் பூச்சும் பிசினும் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். ஊறவைத்த மாதிரியில் மட்டும் அப்படித் தெரிந்தால், சிலேனின் அளவையும் உலர்த்திய விதத்தையும் திரும்பச் சரிபாருங்கள்.