ஜெபமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. 15 வருடக் குடி. இரண்டு மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்தினோம். டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது சபைக்கு வருகிறார், ஜெபிக்கிறார், முகமே மாறிவிட்டது. ஆனால் "ஆண்டவர் விடுதலை கொடுத்துவிட்டார், இனி மாத்திரை போட்டால் அவிசுவாசம்" என்கிறார். மூன்று நாள் உபவாசம் இருந்து, ஞாயிறு திருவிருந்து எடுக்கப் போகிறாராம். நான் என்ன செய்ய? – வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் சந்தோஷப்படுங்கள். குடியை விட்டவருக்குச் சாயங்காலம்தான் கண்டம். வேலை முடிந்ததும் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாலு பேர் "அண்ணனை இன்னும் காணோமே" என்று தேடினால், அந்தக் காவலை எந்த மருந்தும் தராது. குற்ற உணர்வில் புழுங்கியவர் தனக்கும் மன்னிப்பு உண்டு என்று நம்புவதும் பெரிய பலம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்ததே ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாகத்தான். தொடங்கிய இருவரில் ஒருவர் அறுவை சிகிச்சை மருத்துவர்.

மாத்திரை விஷயத்தில் அவரோடு வாதாட வேண்டாம். வேதாகமத்தில் வரும் எசேக்கியா ராஜாவை நினைவுபடுத்துங்கள். சாகக் கிடந்த அவர் அழுது ஜெபித்தார், ஆண்டவர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையை அவருடைய உடம்பில் இருந்த கட்டியின்மேல் போடச் சொன்னார். மருந்து வைத்ததால் ராஜாவின் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

டைசல்ஃபிராம், சாராயம் உடலில் முழுதாகச் சிதைவதைத் தடுக்கிறது. மாத்திரை போட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். அதனால் ஞாயிறு திருவிருந்தில் அப்பத்தோடு தரும் பாத்திரத்தில் இருப்பது புளித்த ஒயினா, புளிக்காத திராட்சைச் சாறா என்று போதகரிடம் முன்பே கேளுங்கள். ஒயின் என்றால் அப்பம் மட்டும் எடுக்கட்டும். காரணத்தைச் சொன்னால் போதகர் புரிந்துகொள்வார். கணவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரையைக் கலப்பது மட்டும் கூடவே கூடாது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவரே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யட்டும். ஈரல் பரிசோதனையும் அவ்வப்போது தேவை.

உபவாசத்தை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். பல வருடம் குடித்த உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்திருக்கும், பட்டினி அதை இன்னும் இறக்கும். பசியும் களைப்பும் குடி ஆசையைத் தூண்டவும் செய்யும். சாப்பிட்டுவிட்டே ஜெபிக்கட்டும்.

இன்னொன்று, அவசரப்பட்டு அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். எல்லார் முன்பும் சொன்னவர் ஒருநாள் வழுக்கினால், வெட்கத்தில் ஒளிந்து குடிப்பார். எனக்குப் பெரிய பயம் அதில்தான். வழுக்கினால் அதைப் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று பேசாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாள்கணக்கில் குடித்துவிட்டால், வீட்டிலோ ஜெப வீட்டிலோ வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கைநடுக்கத்தோடு பிதற்றலும் வந்தால் உயிருக்கு ஆபத்து.

அப்புறம், நீங்கள். 15 வருடம் இதைச் சுமந்திருக்கிறீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு, போய்ப் பாருங்கள். அவசர யோசனைக்கு 14446 என்ற இலவச உதவி எண்ணில் கூப்பிடலாம்.