சைக்கிளுக்கு எந்த கிரீஸ்? கேட்டதும் சொன்னதும்

சைக்கிளுக்கென்று விற்கிற கிரீஸ் சின்ன டியூபே யானை விலை. கார் பட்டறை கிரீஸ் போட்டால் பால்ரஸ் கெட்டுவிடுமா அண்ணா?

கெடாது தம்பி. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மிதித்தாலும் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்றுதான் சுற்றும். சூடே ஏறாது. காருக்குத் தாங்குகிற லித்தியம் கிரீஸ் இதற்குத் தாராளம். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்று இருக்கிறதா பாருங்கள். அது கெட்டித்தன்மைக்கான எண்: 000 எண்ணெய் மாதிரி ஓடும், 6 கட்டியாக நிற்கும். ஏபி 3 என்று கிடைப்பது 3ஆம் எண், கொஞ்சம் இறுக்கம். சாதா சைக்கிளுக்கு அதுவும் ஓடும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். சிவப்பும் நீலமும் பெரும்பாலும் சாயம்தான்.

தூத்துக்குடியில் இருக்கிறேன். ஒரு மழைக்காலம் போனாலே பெடல் அச்சுக்குள் (ஃபிரேமின் அடியில், இரண்டு பெடல் கைகளையும் இணைக்கிற அச்சு) இருக்கிற கிரீஸ் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறிவிடுகிறது. வேறு கிரீஸ் போடலாமா?

அந்த நிறம் வந்தாலே உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். சீட் குழாய் வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் நேராகப் போய் நிற்கிற இடம் அதுதான். சீட் போஸ்டைச் சுற்றி இடைவெளி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். கிரீஸில் கால்சியம் சல்ஃபோனேட் வகை உப்புக்காற்றையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். படகுக்கென்று விற்கிற கிரீஸில் தேடிப் பாருங்கள்.

ஆனால் எந்த கிரீஸானாலும் பழசின் மேல் அப்பினால் வீண். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மிச்ச மண்ணெண்ணெய் புது கிரீஸைக் கரைத்துவிடும். கப்புக்குள் கிரீஸை விரலால் தாராளமாகப் பூசி, குண்டுகளை அதில் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். சாதாரணமாக பெடல் அச்சில் பக்கத்துக்கு 11, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. இரண்டும் கால் அங்குலக் குண்டு. ஒரு குண்டில் புள்ளி விழுந்திருந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். கப்பில் குண்டு ஓடுகிற தடத்தில் நகம் இடறுகிற அளவு குழி இருந்தால் எந்த கிரீஸும் காப்பாற்றாது.

கியர் சைக்கிள் பின் ஹப்பை நானே ஓவராயில் பண்ணினேன். ஃப்ரீஹப்பிலும் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாக ஓடவிடுகிற பகுதி) கிரீஸ் நிரப்பினேன். இப்போது மிதித்தால் சில சமயம் வெறுமனே சுற்றுகிறது.

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி நழுவினால் முகம் ஹேண்டில்பாரில்தான். உள்ளே இருக்கிற பல் நாக்குகளைத் தூக்குவது மெல்லிய ஸ்பிரிங். கெட்டி கிரீஸில் நாக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது. கழுவிவிட்டு, ஃப்ரீஹப்புக்கென்று வரும் இளகின கிரீஸை மெலிதாகத் தடவுங்கள், அல்லது உங்கள் ஹப்புக்குச் சொன்ன எண்ணெயை விடுங்கள். சாதா சைக்கிள் ஃப்ரீவீலுக்கும் சொட்டு எண்ணெய்தான்.

பாலியூரியா கிரீஸ் வாங்கினேன். பழைய லித்தியத்தோடு சேருமா?

பல வகைகள் சேராது. லித்தியம், பாலியூரியா என்பதெல்லாம் எண்ணெயைக் கிரீஸாகக் கெட்டியாக்கும் பொருள்கள். அவை ஒத்துப்போகாவிட்டால் கலவை இளகி வெளியே ஒழுகும். பழசைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

செயினுக்கு கிரீஸ் தடவலாமா சார்?

வேண்டாம். மண்ணை இழுத்து ஒட்டவைத்து பல்சக்கரத்தை அரைத்துவிடும். செயின் எண்ணெய் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கார்பன் சீட் போஸ்ட் இறங்கிக்கொண்டே போகிறது. கிரீஸ் போட்டதுதான் காரணமா?

இருக்கலாம். கார்பனுக்கென்று நுண்மணல் கலந்த பேஸ்ட் தனியாக வருகிறது. அது வழுக்க அல்ல, பிடிக்க. போல்டை வெறி கொண்டு முறுக்காதீர்கள், கார்பன் நொறுங்கும். அலுமினிய போஸ்ட், இரும்பு ஃபிரேம் என்றால் கதை வேறு: கட்டாயம் கிரீஸ் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் அரித்துப் பிணைந்து, பிறகு குழாய் ரெஞ்ச் போட்டாலும் அசையாது.

பெடல் மரைக்கு?

ஒரு பொட்டு கிரீஸ் போதும். இடது பெடலைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அப்புறம் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் டிஸ்க் பிரேக் பக்கம் போக வேண்டும். டிஸ்கில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது, பேடையே மாற்ற வேண்டி வரும்.