எழுத்து முடித்துப் போவதா, போய் முடிப்பதா? பிரித்தானிய விசா கேள்வி பதில்

பிரித்தானியாவில் நிரந்தரமாக இருப்பவரைக் கைப்பிடிக்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, ஊரிலேயே முடித்து ஸ்பவுஸ் (வாழ்க்கைத்துணை) விசாவில் போவதா, ஃபியான்சே (நிச்சயமானவர்) விசாவில் போய் அங்கே முடிப்பதா? லண்டனில் குடிவரவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் இந்தக் குழப்பம் வராத வாரம் இல்லை. கட்டணங்கள் 2025 ஏப்ரல் நிலவரம். விண்ணப்பிக்கும் அன்று அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

அக்கா, எனக்கு யாழ்ப்பாணம். நிச்சயம் முடிந்துவிட்டது. அவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். "கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்து நாள் பார்க்கக் காலம் பிடிக்கும், ஃபியான்சே விசாவில் சீக்கிரம் வந்துவிடு" என்கிறார். அது சுருக்கு வழியா?

இல்லை தங்கச்சி. இரண்டு விசாவுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஒன்றுதான், 1,938 பவுண். அதே வருமானச் சான்று, அதே ஆங்கிலத் தேர்வு, அதே காசநோய்ப் பரிசோதனை. ஃபியான்சே விசா என்பதற்காக எதையும் தளர்த்த மாட்டார்கள்.

வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஃபியான்சே விசா ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் இங்கே பதிவுத் திருமணம் செய்து, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 1,321 பவுண்; அத்துடன் இரண்டரை வருடத்துக்கான சுகாதாரக் கட்டணம் 2,587.50. எல்லாம் சேர்த்து 5,846.50. ஸ்பவுஸ் விசாவுக்கு 1,938 பவுணும் சுகாதாரக் கட்டணம் 3,105 பவுணும், மொத்தம் 5,043. அதில் 33 மாதம் கிடைக்கும். வந்திறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாம். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடக் கணக்கும் அதிலேயே தொடங்கிவிடும். ஃபியான்சே விசாவில் கழியும் மாதங்கள் அந்தக் கணக்கில் சேராது.

ஃபியான்சே விசாவில் வேலைக்குப் போக முடியாது. பணத்தை விட எனக்குக் கவலை அந்த வேலைத் தடைதான். இரண்டாவது விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அது நீளும். ஊரில் ஆசிரியையாக இருந்த ஒரு பிள்ளை, மார்கழிக் குளிரில் என் முன்னால் இருந்து, "பஸ்சுக்குக்கூட அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது அக்கா" என்று சொல்லி அழுதாள். அவளுடைய கணவர் நல்லவர். ஆனாலும் சொந்தமாக உழைத்துப் பழகிய பெண்ணுக்கு அது பெரிய பாரம்.

மண்டபத்துக்கும் ஐயருக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? அவர் இரண்டு கிழமை விடுப்பில் வரட்டும். எழுத்தை முடித்து, அந்தச் சான்றிதழோடு ஸ்பவுஸ் விசாவுக்குப் போடுங்கள். தாலிகட்டைப் பிறகு நல்ல நாள் பார்த்து ஆறுதலாகச் செய்யலாம். எங்கள் சனம் காலங்காலமாகச் செய்து வரும் முறைதானே இது.

திருச்சியில் கோயிலில் வைத்துத் திருமணம் நடந்தது. கோயில் ரசீதும் புகைப்படங்களும் போதுமா?

போதாது தம்பி. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் செய்வது நல்லது. சார்பதிவாளர் தரும் சான்றிதழை வையுங்கள். அது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள்.

விசிட் விசாவில் வந்து, கல்யாணம் முடித்து, அங்கேயே மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. கல்யாணத்துக்கென்று தரும் விசிட்டர் விசாவிலும் முடியாது. திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

என் வருங்காலக் கணவர் அங்கே அகதி அந்தஸ்து பெற்றவர். இலங்கைக்கு வர முடியாது. நாங்கள் என்ன செய்வது?

ஃபியான்சே விசா உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும். அவர் இலங்கைக்குப் போனால் அந்தஸ்துக்கே ஆபத்து வரலாம். யார் வற்புறுத்தினாலும் போக வேண்டாம். உங்களை ஸ்பான்சர் செய்யும், அதாவது தன் பொறுப்பில் அழைக்கும், உரிமை அவருக்கு உண்டு.

மூன்றாவது நாட்டில் திருமணம் செய்வதும் ஒரு வழி. ஆனால் இந்தியாவில் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்வதென்றால், இருவரில் ஒருவர் திருமணம் பதியும் மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்து திருமண அறிவித்தல் கொடுத்து, அதன்பின் இன்னும் 30 நாள் பொறுக்க வேண்டும். அத்தனை நாள் தங்க வழியில்லாதவர்கள் ஃபியான்சே விசாவையே எடுக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பு கணக்கில் வராது.

மகளின் மாப்பிள்ளை கடையில் வேலை செய்கிறார். சம்பளத்தில் பாதி வங்கிக்கும் பாதி கையிலும் வருகிறது. பிரச்சினை வருமா?

வரும் அம்மா. 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600 போதுமாக இருந்தது. ஒரே வேலையில் ஆறு மாதம் இருந்து, அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் ஒரு பென்ஸ்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். கையில் வாங்கும் பாதி அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாது. முழுச் சம்பளத்தையும் சீட்டோடு வங்கியில் போடும்படி முதலாளியிடம் இன்றே கேட்கச் சொல்லுங்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் பொறுங்கள். சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் ஆறு மாதம் கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஃபியான்சே விசாவில் இந்தச் சோதனை ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை வரும். நடுவில் மாப்பிள்ளைக்கு வேலை போனால் மகள் வந்து இறங்கிய பிறகு தவிக்க நேரும்.

எனக்கு ஃபியான்சே விசா கிடைத்துவிட்டது. விட்டுவிடவா?

வேண்டாம், வாருங்கள். வந்ததும் பதிவு அலுவலக வேலையைப் பாருங்கள். இங்கிலாந்தில் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி திருமணம் ஆகிவிடாது. இது தெரியாமல் முதல் மாதமே கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டு, ஐந்தாம் மாதம் பதிவுக்கு அலைந்த ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். நாள் எண்ணி எண்ணித்தான் அந்த விண்ணப்பத்தைப் போட்டோம்.

பதிவு அலுவலகம் இருக்கும் வட்டாரத்தில் ஏழு நாள் தங்கிய பிறகே திருமண அறிவித்தல் கொடுக்கலாம். கொடுத்தபின் 28 நாள் காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்கவும் தாமதமாகும். ஆகவே விமான டிக்கெட் எடுக்கும் அன்றே, இங்கே இருக்கும் உங்கள் வருங்காலத் துணையைத் தொலைபேசியில் நேரம் கேட்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று, முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துப் பத்திரம் ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கைப்பையில் கொண்டு வாருங்கள். பெட்டியில் போட வேண்டாம்.