பகல் சாப்பாட்டோடு எடுக்கும் லெவோடோபா வேலை செய்யாதது பற்றி

வணக்கம். ஹட்டனில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு, பார்கின்சன் நோய்க்கு (உடல் இறுக்கமும் நடுக்கமும் தரும் மூளை நரம்பு நோய்) எடுக்கும் லெவோடோபாவில் காலை மாத்திரை நன்றாக வேலை செய்வதாகவும், பருப்பும் கருவாடும் சேர்த்துப் பகல் சோறு சாப்பிட்ட கையோடு விழுங்கும் மாத்திரை மட்டும் பலனளிக்காமல் அவர் அடியெடுத்து வைக்க முடியாது நின்றுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டு நேரமே இதற்குக் காரணமாக இருக்கலாம். லெவோடோபா சிறுகுடலிலும், பின்னர் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்திலும், புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்களோடு ஒரே வழிக்குப் போட்டியிடுகிறது. வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை குடலைச் சென்றடைவதே தாமதமாகிறது.

ஆகவே வழக்கமாகச் சாப்பாட்டுக்கு 30 நிமிடங்களுக்கு முன்போ, ஒரு மணி நேரத்திற்குப் பின்போ தண்ணீருடன் கொடுக்கச் சொல்வார்கள். பால் தேநீரிலும் புரதம் உண்டு. அந்த நேரத்தில் சாயத்தண்ணி போதும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஓரிரு கிரீம் கிராக்கர் கொடுக்கலாம். பருப்பையும் மீனையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே மெலிந்தவர் என்கிறீர்கள். அவற்றில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவரானால், அதற்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதை வீடுகளில் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அளவை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். மாத்திரை, சாப்பாடு, உடல் இறுகும் நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் கொப்பியில் குறித்து, அடுத்த கிளினிக்கிற்குக் கொண்டுசெல்லுங்கள்.