ஆள் உட்கார்ந்தும் ‘ஏர்பேக் ஆஃப்’ எரிகிறதா? எதையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: காரின் உட்புறத்தைத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்த மறுநாளிலிருந்து டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. முன் சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருக்கும்போதும் ‘பயணி ஏர்பேக் ஆஃப்’ என்று காட்டுகிறது. ஒரு மெக்கானிக் ஏர்பேக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் சின்னக் கருவி ஒன்றை மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். முதலாமவர் அவசரக்காரர், இரண்டாமவர் விற்பது ஆபத்து. கம்ப்யூட்டர் கெட்டுப்போவது அபூர்வம். ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று விளக்கைப் போட்டுச் சொல்வதே அதுதான், புகார் சொன்னவனையே தூக்கிப் போடுவது என்ன வைத்தியமோ தெரியவில்லை.

‘பயணி ஏர்பேக் ஆஃப்’ விளக்கு மட்டும் எரிந்தால் அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். சீட் காலியாக இருந்தாலோ, குழந்தை உட்கார்ந்தாலோ, கைப்பை வைத்தாலோ சீட்டுக்குள் இருக்கும் சென்சார் ‘பெரியவர் இல்லை’ என்று முடிவு செய்து ஏர்பேக்கை நிறுத்தி வைக்கும், அது அதன் வேலை. உங்களுக்கு அதோடு சேர்ந்து, மார்புக்கு முன்னால் பந்து இருப்பது போன்ற ஆள் படம் போட்ட விளக்கும் எரிகிறது. அப்படியானால் சென்சாரின் பேச்சைக் கம்ப்யூட்டர் நம்பவில்லை, அதனால் பத்திரமான பக்கமாக ஏர்பேக்கை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

கழுவிய மறுநாள் வந்தது என்கிறீர்களே, தொடங்க வேண்டிய இடம் அதுதான். சில கார்களில் சென்சார் எடையைப் பார்ப்பதில்லை, உடம்பில் இருக்கும் நீர்த்தன்மையை மின்புலத்தால் உணர்ந்து ஆளைக் கண்டுபிடிக்கிறது. மெத்தை ஊறிப்போயிருந்தால் அதற்கு ஆள் எது, தண்ணீர் எது என்று பிரிக்கத் தெரியாது. எடை பார்க்கும் வகையிலும் ஊறிய மெத்தையின் பாரம் கணக்கைக் கெடுக்கலாம். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். முழங்கையை மெத்தையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள், துணியில் ஈரம் ஏறி வந்தால் உள்ளே இன்னும் ஊறித்தான் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டு, மின்விசிறி வைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். முடி உலர்த்தும் கருவியை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சூடு பட்டு மெத்தைக்குள் இருக்கும் சென்சார் விரிப்பு கெட்டால் பிறகு உண்மையாகவே செலவு வந்துவிடும். காய்ந்த பிறகும் விளக்கு தானாக அணையாமல் போகலாம், கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ என்பதை, ஸ்கேனர் என்ற பரிசோதனைக் கருவியில் அழிக்க வேண்டியிருக்கும். ஆனால் முதலில் அந்தக் குறியீட்டைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் அழிக்கச் சொல்லுங்கள். படிக்காமலே அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது சார்’ என்று காசு வாங்குபவர்கள் நிறையப் பேர், நான்கு நாளில் விளக்கு திரும்பி வரும்.

காய்ந்தும் தீரவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் பாருங்கள். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்தால் போதும், கை வைக்க வேண்டாம். சீட் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து அங்கே வயர் இழுபடுகிறது, கனெக்டர் தளர்கிறது, தண்ணீர் இறங்கினால் அதன் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு படிகிறது. மூன்று பட்டறை ஏறி இறங்கிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. சீட்டுக்கு அடியில் உருண்டு போன ஒரு தண்ணீர் பாட்டில் வயரைச் சீட் நகரும் ரெயிலோடு அழுத்தி, மேல் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அவ்வளவுதான் கோளாறு, அதற்குள் கம்ப்யூட்டரை ஒரு முறை மாற்றியும் விட்டார்கள்! பெல்ட்டின் பக்கிளையும் பாருங்கள், உள்ளே குளிர்பானம் சிந்தி ஒட்டிப்போயிருந்தாலும் இதே விளக்குதான் எரியும்.

ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்களைக் கழற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள். அவரும் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்தக் கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொட வேண்டும், கம்ப்யூட்டரில் சற்று நேரம் மின்சாரம் தேங்கி இருக்கும். சாதாரண மல்டிமீட்டரை அந்தப் பின்களில் வைத்து அளந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஏர்பேக்கை விரிக்க வெடிக்கும் பகுதியின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம்தான், மீட்டர் அனுப்பும் மின்சாரமே அதைச் சீண்டிவிடலாம்.

நிஜமான பரிசோதனை ஸ்கேனரில்தான். மலிவான கோடு ரீடர்களில் பெரும்பாலானவை இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும், அதில் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று வந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏர்பேக்கைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அந்தக் காரில் காட்டும் வசதி இருந்தால் பயணி சீட்டின் நேரடி அளவைத் திரையில் போடச் சொல்லுங்கள். நீங்களே உட்காருங்கள், எழுந்திருங்கள், ஓரமாகச் சாயுங்கள். எண் அசையவே இல்லையா, பழி விரிப்பின் மேல் அல்லது அதன் வயரின் மேல். சீட்டை நகர்த்தும்போது மட்டும் எண் துள்ளுகிறதா, வயரோ கனெக்டரோதான். காலி சீட்டில் எடை காட்டுகிறதா, மெத்தை காய்ந்திருந்தால் சென்சார் பெரும்பாலும் நல்லதுதான், காலி சீட்டுக்கு வைத்த பூஜ்யம் தப்பியிருக்கிறது. சீட்டைக் கழற்றி மாட்டினாலே பல கார்களில் இப்படி ஆகும், சமதரையில் நிறுத்திக் காலி சீட்டோடு மறுபடி பூஜ்யம் வைத்தால் போதும். இதைச் செய்யப் பத்து நிமிடம், ஆனால் இதைக் கேட்டால்தான் செய்கிறார்கள்.

அந்தச் சின்னக் கருவிக்கு வருகிறேன். உள்ளே பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு)தான், வெளியே அழகான பிளாஸ்டிக் உறை. சீட்டில் யார் இருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும் அது கம்ப்யூட்டருக்கு ஒரே பொய்யைச் சொல்லும். விளக்கு அணையும், உங்களுக்கு நிம்மதி. ஒரு நாள் அந்த சீட்டில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைத்தால், மோதலில் ஏர்பேக் அந்த இருக்கையின் முதுகில் நேராக வந்து அறையும், குழந்தையின் தலை அங்கேதான் இருக்கிறது. வண்டியை விற்ற பிறகு வாங்கியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதை விற்பவர்கள் பேச்சில் இந்தப் பகுதி வரவே வராது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய விரிப்பும் வேண்டாம், அது எந்த மெத்தைக்கு அளவு வைக்கப்பட்டதோ அந்த மெத்தையோடுதான் சரியாகப் பேசும்.

இதற்கெல்லாம் இடம் கொடுத்ததே கார் கம்பெனிகள்தான். விரிப்பு மட்டும் போனாலும் பல மாடல்களில் அதைத் தனியாகத் தர மாட்டார்கள், மெத்தை, விரிப்பு, அதன் சின்னக் கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே பெட்டியில்தான் வரும். மூன்றும் ஒன்றுக்கொன்று அளவு வைத்தவை என்பது உண்மை, அதற்காகப் பூஜ்யம் வைக்கும் முறையைக்கூட வெளி மெக்கானிக்குக்கு எளிதில் கிடைக்காமல் பூட்டி வைக்க என்ன அவசியம்?

சரி, அதுவரை உங்கள் மனைவி பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும். சில கார்களில் இந்த விளக்கு எரிந்தால் மற்ற ஏர்பேக்குகளும் வேலை செய்யாது, ஓட்டுநரான உங்களுடையதும் சேர்த்துத்தான். அதனால் மெத்தை காய்கிற அந்த இரண்டு மூன்று நாள் தவிர, வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.