நான் நம்பாததால் அவர் மறுபடி குடித்துவிடுவாரா, டாக்டர்?

இல்லை அம்மா. "நீ சந்தேகப்பட்டால் அவன் திரும்பவும் குடிக்கப் போய்விடுவான்" என்று உங்கள் மாமியார் சொல்வதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கணவர் குடிக்காமல் இருக்கும் இந்த ஐந்து மாதம் அவருடைய சிகிச்சையாலும் முயற்சியாலும் வந்தது. உங்கள் சந்தேகம் அதைக் கெடுத்துவிடாது.

உங்கள் அப்பா வருஷாவருஷம் சபரிமலைக்கு மாலை போட்டு, 48 நாள் தொடாமல் இருந்து, மாலையைக் கழற்றிய அன்றே குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குச் சட்டென்று நம்பிக்கை எப்படி வரும்? ஆனால் அப்பா விரதம்தான் இருந்தார், சிகிச்சை எடுக்கவில்லை. விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. குடிநோய் அப்படி இல்லை, சர்க்கரை மாதிரி வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியது. முதல் வருடத்தில் பலர் ஒரு முறையாவது சறுக்குவார்கள். அப்படிச் சறுக்கியவர்கள் மறுபடி சிகிச்சைக்கு வந்து, வருடக்கணக்கில் குடிக்காமல் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் வாயை முகர்ந்து பார்ப்பதை விடுங்கள். டாக்டர் சொன்ன தேதியில் போகிறாரா, ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு) கூட்டத்துக்குப் போகிறாரா, குடிக்கத் தோன்றிய நாளில் உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று பாருங்கள். நம்பிக்கை மெதுவாக வரட்டும், அவசரமில்லை.

இணையத்தில் வாங்கிய 'குடி மறக்கும் பொடி'யை அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது, இன்றே தூக்கிப் போடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அவர் ஒரு நாள் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் நாங்களே அந்த மருந்தைக் கொடுக்கிறோம்.

உங்கள் ஈ.சி.ஜி.யும் தைராய்டும் சரியாக இருக்கின்றன. கேட் சத்தம் கேட்டதும் வரும் படபடப்பு, சின்ன வயதிலிருந்து உடம்பு பழகிய பயம். முடி கொட்டுவதற்கு இப்போது எதுவும் வேண்டாம். மகனுக்கும் குடிநோய் வருமா? பரம்பரையால் வாய்ப்பு கூடும், விதி ஆகிவிடாது. வளர்ந்ததும் அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "சில ராத்திரி, விடியாமலே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது." அதற்கு மேலே, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரையைத் தினமும் போடுவதாகவும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பது ஆபத்து. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். அந்த வரியை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தினமும் போட்டுப் பழகியதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல் வரும், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். அதுவரை மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டாம், தங்கையிடம் கொடுத்து வைத்து, அன்றன்றைக்குப் போடுவதை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியில் அந்த எண்ணம் வந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எப்படிச் செய்துகொள்ளலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போனால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது எழுப்பி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது, ஏ.ஏ.வை உருவாக்கியவர்களில் ஒருவரின் மனைவியும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கட்டணம் இல்லை. பக்கத்தில் எங்கே கூடுகிறார்கள் என்று கணவர் சிகிச்சை எடுத்த இடத்தில் கேளுங்கள். அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் போகலாம்.